ஒரு கட்டுரையும் பல நூல்களும்: வைகைக் கரையில் தொடங்கிய ஓர் ஆய்வு வரலாறு

1. முன்னுரை

வைகை அணையின் நீர்மட்டம் நாள்தோறும் செய்தித்தாளில் வெளிவருகிறது. முழு அளவு 71 அடி. நீர் 66 அடியை எட்டும்போது கரையோர மக்களுக்கு முதல் வெள்ள எச்சரிக்கையும், 68.5 அடியில் இரண்டாம் எச்சரிக்கையும், 69 அடியில் மூன்றாம் எச்சரிக்கையும் விடுக்கப்படுகின்றன. கீழ்ப் பாசன மாவட்டங்களின் உழவர்கள் இவ்வெண்ணைப் பார்த்தே நாற்றுப் பாவுவதைக் குறித்து எண்ணத் தொடங்குகின்றனர். எண் பயனுள்ளது, அதனை இகழ்வதற்கில்லை. ஆயினும் தேங்கியுள்ள நீர் எவ்வளவு என்பதை மட்டுமே அது சொல்லும். அந்நீர் எவ்வயலுக்குச் சென்றது, அங்கு என்ன விளைந்தது என்பவற்றை அறிய வேண்டுமாயின் வாய்க்காலோடு நடந்து பார்த்தல் வேண்டும்.

இவ்வெண்ணம் நமக்கு உண்டாகக் காரணம் ஒரு படிவம். அண்மையில் ஒரு நிறுவனம் இறையியல் ஆசிரியர் பலருக்கும் அனுப்பிய அப்படிவத்தில் மூன்று கட்டங்கள் இருந்தன. வெளியிட்ட ஆய்வுக் கட்டுரைகள் எத்தனை? அவற்றைப் பிறர் எத்தனை முறை மேற்கோள் காட்டியுள்ளனர்? ஆய்வுக் குறியெண் யாது? முப்பது ஆண்டுகளாகத் திருச்சபைப் பணியையும் வகுப்பறைப் பணியையும் ஒருங்கே செய்துவந்த நாம் அக்கட்டங்களில் எழுத நேர்ந்த எண்கள் மிகச் சிறியவை. சிறிது வெட்கமும் அடைந்தோம் என்பதை மறைப்பதற்கில்லை. அதன்பின் சில வாரங்களில் மாணவர் சிலருடன் வைகை அணைக்குச் செல்லும் வாய்ப்பு நேர்ந்தது. அணைமீது நின்று வருசநாட்டு மலைகளை நோக்கியபோது, இவ்வாற்றில் உயிர் நீத்த ஓர் இளம் ஆய்வாளரின் நினைவு வந்தது. அவர் தம் வாழ்நாளில் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை ஒன்றே. அவர் மகளோ பல துறைகளில் நூல்கள் பல எழுதியவர். இவ்விருவருடைய வரலாற்றையும், ஓர் ஆய்வாளரின் எழுத்தை எவ்வாறு அளப்பது என்னும் வினாவையும் இணைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

2. பெரியகுளத்து மிஷனெரி

அமெரிக்கன் போர்டு என்னும் சங்கத்தார் யாழ்ப்பாணத்தில் நடத்திவந்த பணியின் கிளையாக 1834-இல் அமெரிக்கன் மதுரை மிஷன் தொடங்கிற்று. திருமங்கலம், திண்டுக்கல், பசுமலை, பெரியகுளம் எனப் பல நிலையங்கள் காலப்போக்கில் எழுந்தன. கம்பம் பள்ளத்தாக்கின் சிற்றூர்களுக்குச் செல்லும் வாயிலாகப் பெரியகுளம் விளங்கிற்று.

டேவிட் காய்ட் ஸ்கடர் 1835-இல் பாஸ்டன் நகரில் பிறந்தவர். வில்லியம்ஸ் கல்லூரியிலும், பின்னர் ஆண்டோவர் இறையியல் கல்லூரியிலும் கற்றார். 1861-இல் குருப்பட்டம் பெற்று, தம் மனைவியுடன் கப்பலேறி மதுரை மிஷனுக்கு வந்து சேர்ந்தார். அதே 1861-இல் பிப்ளியோதெக்கா சாக்ரா என்னும் அமெரிக்க இறையியல் இதழில் இந்துத் தத்துவத்தைக் குறித்து அவர் எழுதிய நீண்ட கட்டுரை இரு பகுதிகளாக வெளிவந்தது. இந்தியாவில் கால் வைக்கும் முன்பே, கிடைத்த நூல்களின் துணைகொண்டு இந்நாட்டின் சிந்தனையை அறிந்துகொள்ள முற்பட்ட ஓர் இளைஞரின் முயற்சி அது. பிற சமயத்தாரிடம் செல்பவன் முதலில் அவர்தம் சிந்தனையைக் கற்க வேண்டும் என்னும் உணர்வு அக்காலத்து மிஷனெரிகள் எல்லாரிடத்தும் காணப்பட்டதன்று. அவ்வகையில் அக்கட்டுரை எழுதப்பட்டதே குறிப்பிடத்தக்கது.

பெரியகுளம் நிலையத்தில் அவர் பணி தொடங்கி நெடுநாள் ஆகவில்லை. 1862 நவம்பரில், வடகிழக்குப் பருவமழையில் வெள்ளம் பெருகிய வைகையைக் கடக்க முற்பட்டபோது நீரில் மூழ்கி மாண்டார். வயது 27. அணை கட்டப்படுவதற்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு முற்பட்ட காலம் அது. அணை 1959 ஜனவரி 21 அன்று திறக்கப்பட்டது. முல்லைப் பெரியாற்று நீர் மேற்கிலிருந்து மலையைக் குடைந்து இப்பள்ளத்தாக்கிற்கு வந்ததும் 1895-இல்தான். 1862-இன் வைகை பெரும்பகுதி மணலாகக் கிடந்து, மலையில் மழை பெய்த சில நாழிகைகளில் இரு கரையும் நிரம்ப ஓடும் காட்டாறு. முதல் எச்சரிக்கை, இரண்டாம் எச்சரிக்கை என்று சொல்வார் எவரும் அன்று இலர்.

அவருடைய தம்பி ஹோரஸ் எலிஷா ஸ்கடர், அண்ணனின் வாழ்க்கை வரலாற்றையும் கடிதங்களையும் தொகுத்து 1864-இல் ஒரு நூலாக வெளியிட்டார். இத்தம்பி பிற்காலத்தில் அமெரிக்க இலக்கிய உலகில் பேர்பெற்று, அட்லாண்டிக் மன்த்லி இதழுக்கு 1890 முதல் 1898 வரை ஆசிரியராயிருந்தவர். ஆக, டேவிட் ஸ்கடரின் வெளியீட்டுப் பட்டியல் இவ்வளவே: தாம் எழுதிய கட்டுரை ஒன்று, தமக்குப்பின் பிறர் தொகுத்த கடித நூல் ஒன்று. இன்றைய கணக்கின்படி அந்தக் கடித நூல் அவர் கணக்கில் சேராது. தம்பியின் கணக்கிலேயே சேரும். ஆனால் 1861, 1862 ஆண்டுகளில் மதுரை நாட்டைக் கண்ணால் கண்டு எழுதிய ஒருவரின் சொற்கள் என்னும் முறையில், வரலாற்று மாணவனுக்குக் கட்டுரையைவிடக் கடிதங்களே பெரும் பயன் தரக்கூடியவை. அச்சுக்கென எழுதாதவை அச்சுக்கென எழுதியதினும் மேலான சான்றாகும் இவ்விந்தை திருச்சபை வரலாற்றில் புதிதன்று. பவுலின் நிருபங்களும் சபைகளுக்கு எழுதிய கடிதங்களே அல்லவா?

3. மதுரையில் பிறந்த மகள்

டேவிட் ஸ்கடர் இறந்தபோது அவருக்கு ஒரு வயதும் நிரம்பாத பெண் குழந்தை இருந்தது. 1861 டிசம்பர் 15 அன்று மதுரையில் பிறந்த அக்குழந்தையைத் தாய் பாஸ்டனுக்குக் கொண்டு சென்றார். வைடா டட்டன் ஸ்கடர் என்று உலகம் பின்னர் அறிந்தது இக்குழந்தையையே. வைடா என்பது டேவிடா என்பதன் சுருக்கம். டேவிடா என்பது டேவிட், அதாவது தாவீது, என்னும் பெயரின் பெண்பால் வடிவம். 1883-இல் சிறுவர்க்கென அவர் வெளியிட்ட முதல் நூலில் ஆசிரியர் பெயர் டேவிடா காய்ட் என்றே இருந்தது. மழைத் தேவதைகள் விடுதலை பெற்ற கதையைச் சொல்லும் நூல் அது. நினைவில் தங்கியிராத தந்தையின் பெயரைப் புனைபெயராகக் கொண்டே எழுத்துலகில் நுழைந்தார் எனலாம்.

இங்கு வரலாற்றாசிரியனுக்கு ஓர் எச்சரிக்கை தேவை. தந்தையின் ஆய்வே மகளிடத்தில் தொடர்ந்தது என்று எழுதுவது எளிது, கேட்போர்க்கும் இனிது. ஆனால் தந்தை எழுதியது இந்துத் தத்துவத்தைப் பற்றி. மகள் தம் வாழ்நாளைச் செலவிட்டது ஆங்கில இலக்கியத்திலும் மேலைத் திருச்சபை வரலாற்றிலும். பெயர் ஒன்றைக் கொண்டு சிந்தனை மரபை நாட்டுதல் முறையன்று. இருவரையும் இணைப்பது ஒரே பொருள் பற்றிய ஆய்வு அன்று. கற்றலும் பிறர்க்காக வாழ்தலும் இரு வேறு பணிகள் அல்ல என்னும் மனப்பான்மையே இருவரிடத்தும் காணப்படுகிறது. அது வரலாறு காட்டும் அளவுக்கு உட்பட்ட கூற்று.

வைடா ஸ்கடர் 1884-இல் ஸ்மித் கல்லூரியில் பட்டம் பெற்றார். அடுத்து ஆக்ஸ்போர்டில் உயர்கல்வி கற்க இடம்பெற்ற முதல் அமெரிக்கப் பெண்களுள் ஒருவரானார். அங்கு ஜான் ரஸ்கின் ஆற்றிய சொற்பொழிவுகள் அவர் வாழ்வைத் திருப்பின. கல்வியும் கலையும் செல்வமும் சிலருக்கே உரியனவாயிருப்பது நீதியோ என்னும் வினா அவரை அதன்பின் விடவில்லை. 1887 முதல் வெல்லெஸ்லி மகளிர் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் கற்பித்தார், 1910-இல் பேராசிரியரானார். அதே காலத்தில் பாஸ்டனின் ஏழைத் தொழிலாளர் நடுவே படித்த பெண்கள் சென்று வாழ்ந்து பணிசெய்யும் டெனிசன் இல்லத்தில் பல்லாண்டுகள் உழைத்தார். 1912-இல் லாரன்ஸ் நகர நெசவாலைத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தின்போது அவர் அங்குச் சென்று உரையாற்றினார். அவரைப் பணிநீக்கம் செய்ய வேண்டும் என்ற குரல் எழுந்தது. கல்லூரி அதற்கு இணங்கவில்லை. 1954 அக்டோபரில், தம் 92-ஆம் வயதில் காலமானார்.

4. பல துறைகளில் ஓர் எழுத்து

அவருடைய நூல்களைத் துறைவாரியாக வகுத்துக் காண்போம்.

முதலாவது, ஆங்கில இலக்கியம். நவீன ஆங்கிலக் கவிஞரிடத்துக் காணும் ஆன்மிக வாழ்வைப் பற்றி 1895-இல் ஒரு நூல் எழுதினார். ஆங்கில இலக்கியத்தில் சமூக இலட்சியங்கள் என்னும் பொருள்பற்றி 1898-இல் மற்றொரு நூல் வெளிவந்தது. இஃது இடைக்காலக் கவிஞர் லாங்லாந்து, தாமஸ் மோர், ஸ்விப்ட் ஆகியோரில் தொடங்கிக் கார்லைல், ரஸ்கின், ஆர்னால்ட் வரை வந்து, இலக்கியத்தை ஏழையின் கண்கொண்டு வாசிக்கும் முயற்சியாகும். 1917-இல் தாமஸ் மாலரியின் ஆர்தர் மன்னன் காவியத்தையும் அதன் மூலங்களையும் ஆராய்ந்து ஒரு பெருநூல் தந்தார்.

இரண்டாவது, இடைக்காலத் திருச்சபை வரலாறு. சியன்னா நகரத்துப் புனித காத்தரீனின் கடிதங்களைத் தெரிந்தெடுத்து, ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து, வரலாற்று விளக்கங்களோடு 1905-இல் வெளியிட்டார். ஆசிரியப் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின் பிரான்சிஸ்கு சபையின் மூல ஆவணங்களில் ஆழ்ந்து, அச்சபையின் முதல் நூறாண்டு வரலாற்றை 1931-இல் எழுதி முடித்தார். அப்போது அவருக்கு வயது ஏறத்தாழ எழுபது.

மூன்றாவது, சமூக நீதியும் இறையியலும். சோஷலிசமும் மனிதப் பண்பும் என்னும் பொருளில் 1912-இல் எழுதிய நூல், கிறிஸ்தவ விசுவாசத்திற்கும் பொதுவுடைமை நாட்டத்திற்கும் உள்ள உறவை ஆராய்ந்தது. திருச்சபை ஆண்டின் பண்டிகைகள் தரும் சமூகப் போதனையைப் பற்றி 1921-இல் எழுதினார். திருவழிபாட்டு நாட்காட்டியே சமூக நீதிக்குப் பாடநூல் என்பது அதன் துணிவு.

நான்காவதாக, 1903-இல் ஒரு நாவலும், 1937-இல் பயணம் என்னும் கருத்தமைந்த தன்வரலாறும் உள்ளன.

இவற்றை ஒருசேர நோக்குவார்க்கு ஓர் உண்மை புலனாகும். துறைகள் பல; வினா ஒன்றே. உடைமையும் அன்பும் ஒருங்கே நிற்குமோ என்பதே அவ்வினா. லாங்லாந்தின் உழவனிடத்தும், காத்தரீனின் கடிதங்களிலும், பிரான்சிஸின் சீடர்கள் வறுமையைக் குறித்துத் தம்முள் பிளவுண்ட வரலாற்றிலும், லாரன்ஸ் நகரத்துத் தொழிலாளர் தெருவிலும் அவர் கேட்டது இதுவே. கிறிஸ்துவும் அப்போஸ்தலரும் தமக்கென எதையும் உடைமையாகக் கொள்ளவில்லை என்று சாதித்தலை 1323-இல் போப்பு இருபத்திரண்டாம் யோவான் தவறான போதனையென்று தீர்த்தார். அந்தத் தீர்ப்பில் வந்து முட்டிய பிரான்சிஸ்கு சபையின் கதையை ஒருவர் வெறும் சபை வரலாறாக எழுதலாம். வைடா ஸ்கடர் அதனைத் தம் காலத்துத் திருச்சபைக்குரிய வழக்காகக் கண்டார். 1900-இல் தம் கல்லூரி ராக்கபெல்லரின் பெருங்கொடையை ஏற்க முற்பட்டபோது, அச்செல்வம் ஈட்டப்பட்ட முறையைச் சுட்டி எதிர்ப்புத் தெரிவித்தவர்களுள் அவரும் ஒருவர் என்பதை இங்கு நினைத்தல் தகும்.

இவ்வினாவைப் பிடித்துக்கொண்டவர்க்கு நூல்கள் ஒரே மாலையாகத் தோன்றும். பிடிக்காதவர்க்கோ மாலையின் மணிகள் தனித்தனியே சிதறும். மாலரியை ஆராய்பவர் 1917-ஆம் ஆண்டு நூலை நாடுவார். பிரான்சிஸ்கு வரலாற்றை ஆராய்பவர் 1931-ஆம் ஆண்டு நூலை நாடுவார். அமெரிக்கச் சமூக கிறிஸ்தவத்தை எழுதுபவர் 1912-ஆம் ஆண்டு நூலை நாடுவார். ஒரு துறையார் மற்றத் துறையாரின் அடிக்குறிப்பைப் படிப்பது அரிது. ஆகவே ஒவ்வொரு துறையிலும் அவர் ஓரத்தில் நிற்பவராகவே தோன்றக்கூடும். பல துறைகளில் உழைப்பவர் எல்லார்க்கும் நேரும் இடர் இது.

மொழிபெயர்ப்பாளர்க்கு நேரும் மற்றோர் இடரும் உண்டு. காத்தரீனின் கடிதங்கள் முழுவதற்கும் நம் காலத்தில் புதிய ஆங்கில மொழிபெயர்ப்பு வந்துவிட்டது. புதியது வந்தபின் ஆய்வாளர் அதனையே எடுத்தாளுவர். பழைய தொகுப்பு மேற்கோளிலிருந்து மெல்ல மறையும். நமக்கு இது நன்கு விளங்கும். பப்ரிசியுஸ் ஐயர் தமிழில் தந்த வேதாகமத்தின் இடத்தில் 1871-ஆம் ஆண்டின் ஐக்கிய மொழிபெயர்ப்பு வந்து அமர்ந்தது. லுத்தரன் சபையார் நீங்கலாகப் பெரும்பாலோர் பப்ரிசியுஸை வாசிப்பதை விட்டனர். ஆனால் பின்வந்தவர் கையாண்ட சொற்களுள் அவர் தேடிக் கண்ட சொற்கள் எத்தனையோ வாழ்கின்றன. பெயரிட்டு மேற்கோள் காட்டுவதற்கு இடமில்லாத அளவுக்கு அவை பொதுச் சொத்தாயின.

5. எண்ணும் முறை எழுந்த வரலாறு

ஒரு நூலை யார் எடுத்தாண்டனர் என்று தொகுத்துக் காட்டும் முறையை அறிவியல் உலகிற்குக் கொண்டுவந்தவர் யூஜின் கார்ஃபீல்டு என்னும் அமெரிக்கர். 1955-இல் அதனை ஒரு கட்டுரையில் முன்மொழிந்து, 1964-இல் அறிவியல் மேற்கோள் அட்டவணையை வெளியிட்டார். ஒரு கட்டுரையிலிருந்து பின்னோக்கிச் செல்வது எவர்க்கும் இயலும். அடிக்குறிப்பே வழி காட்டும். முன்னோக்கிச் சென்று, அக்கட்டுரை பிற்காலத்தில் எவர்க்குப் பயன்பட்டது என்று அறிய உதவுவதே அவர் கருவி. நம் வேதாகமத்தின் ஓரத்தில் அச்சிட்டுள்ள ஒத்துவாக்கியங்களைப் போன்றது அது. ஏசாயாவின் ஒரு வசனத்தருகே மத்தேயுவின் அதிகாரம் குறிக்கப்பட்டிருக்கும்போது, பழைய சொல் புதிய இடத்தில் உயிர்பெற்றதை நாம் காண்கிறோம். தேடுவார்க்குத் துணையாக இருக்கும்வரை இக்கருவியின் நன்மையை மறுப்பார் இலர்.

துணையாக இருந்தது காலப்போக்கில் அளவுகோலாயிற்று. 2005-இல் இயற்பியலாளர் ஹிர்ஷ் ஒரு குறியெண்ணை வகுத்தார். ஒருவர் எழுதிய கட்டுரைகளுள் பத்துக் கட்டுரைகள் ஒவ்வொன்றும் பத்து முறைக்குக் குறையாமல் மேற்கோள் காட்டப்பட்டிருப்பின் அவர் குறியெண் பத்து. பதினொன்றாக வேண்டுமாயின் பதினொரு கட்டுரைகள் ஒவ்வொன்றும் பதினொரு முறையேனும் எடுத்தாளப்பட வேண்டும். இதன்படி, ஒரே ஒரு கட்டுரை எழுதியவரின் குறியெண், அக்கட்டுரையை ஆயிரவர் எடுத்தாண்டாலும், ஒன்றைத் தாண்டாது. டேவிட் ஸ்கடர் இவ்வளவிற்குள் என்றும் ஒன்றே. வைடா ஸ்கடரின் உழைப்போ பெரும்பாலும் நூல்களாக அமைந்தது. இதழ்க் கட்டுரைகளை அடிப்படையாகக் கொண்டெழுந்த அட்டவணைகளில் நூல்களுக்கெனத் தனிப்பகுதி 2011-இல்தான் ஏற்பட்டது. தமிழில் எழுதுவோரின் நிலையைச் சொல்ல வேண்டுவதில்லை. பொழிவுகளிலும் சபைகளின் ஆண்டு மலர்களிலும் வெளிவரும் நம் எழுத்துகளை அவ்வட்டவணைகள் பெரும்பாலும் அறியா.

இக்குறையை அறிஞர் உணராமல் இல்லை. 2012-இல் சான் பிரான்சிஸ்கோவில் கூடிய ஆய்விதழாசிரியர்களும் பதிப்பாளர்களும், இதழின் மதிப்பெண்ணைக் கொண்டு ஆய்வாளரை அளத்தலாகாது என்று ஓர் அறிக்கைக்கு வித்திட்டனர். நம் நாட்டிலும் பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் அறிவித்த ஏற்புடைய இதழ்களின் பட்டியலை 2025-இல் கைவிட்டது. பட்டியல் போயினும் எண்ணும் பழக்கம் போகவில்லை.

எண்ணில் அகப்படாதவர் யார் என்பதற்கு நமக்கு அண்மையான சான்று ஒன்று உண்டு. டேவிட் ஸ்கடர் வைகையில் மாண்ட அதே 1862-இல், அமெரிக்கன் போர்டைச் சேர்ந்த மைரன் வின்சுலோவின் பேரகராதி சென்னையில் வெளிவந்தது. தமிழகராதி வரலாற்றில் அதன் இடம் பெரிது. பிற்காலத்துத் தமிழ் லெக்சிகன் என்னும் சென்னைப் பல்கலைக்கழக அகராதியும், மதுரை மிஷனைச் சேர்ந்த சாண்ட்லர் ஐயரை முதற்பதிப்பாசிரியராகக் கொண்டு 1913-இல் தொடங்கியபோது, அதனைத் தன் முன்னோடியாகக் கொண்டது. வின்சுலோ நேர்மையாளர். தமக்கு முன் சொற்களைத் திரட்டி வைத்து இறந்த ஜோசப் நைட்டின் பெயரைத் தலைப்புப் பக்கத்திலேயே இட்டார். தகுதிவாய்ந்த இந்நாட்டுப் புலவர்கள் துணைபுரிந்தனர் என்றும் அப்பக்கத்தில் குறித்தார். ஆனால் அத்தலைப்புப் பக்கத்தில் அப்புலவர் எவர் பெயரும் இல்லை. நூலை எடுத்தாளுவோர் அனைவரும் வின்சுலோ என்றே குறிப்பர். அன்று முதல் இன்று வரை ஒவ்வொரு மேற்கோளும் ஒரு பெயரை உயர்த்தும்போது பல பெயர்களை மூடியே உயர்த்துகிறது.

6. தாவீது எண்ணிய எண்

எண்ணுதலைக் குறித்து வேதாகமம் ஒரே குரலில் பேசவில்லை. எண்ணாகமத்தில் மக்களை எண்ணும்படி கர்த்தரே கட்டளையிடுகிறார். ஆகவே எண்ணுதல் தன்னளவில் பாவமன்று. ஆனால் தாவீது தன் மக்களை எண்ணியபோது அது தேசத்தின்மேல் வந்த வாதையாக முடிந்தது. இவ்வரலாறு 2 சாமுவேல் 24-ஆம் அதிகாரத்திலும் 1 நாளாகமம் 21-ஆம் அதிகாரத்திலும் இருமுறை கூறப்படுகிறது. இரண்டும் தரும் தொகைகள் வேறு. முன்னதில் இஸ்ரவேலர் எட்டு இலட்சம், யூதா மனுஷர் ஐந்து இலட்சம். பின்னதில் பதினொரு இலட்சம், நாலு இலட்சத்து எழுபதினாயிரம். எண்ணியவன் ஒருவனே யோவாப். கிடைத்த எண் இரண்டு. மேலும், லேவியரையும் பென்யமீனரையும் அவன் எண்ணவில்லை என்று நாளாகமக்காரர் எழுதுகிறார். ஆலயப் பணி செய்வோரே கணக்கில் விடுபட்டனர் என்பது நமக்கு மிகவும் சிந்திக்கத்தக்கது.

தாவீதின் பிழை எதில் இருந்தது? யோவாபின் எதிர்வாதத்தைக் கவனித்தால் விடை கிடைக்கும். மக்கள் பெருகுவது நன்று. அதனை ஏன் அரசன் தன் இன்பத்திற்காக அறிய வேண்டும் என்பதே அவன் வாதத்தின் சாரம். பாதுகாக்கவேண்டிய மக்களை அரசன் தன் பெருமைக்குச் சான்றாக மாற்றினான். ஆய்வுலகிலும் இதுவே நேர்கிறது. யாருக்குப் பயன்பட்டது என்று அறிய எழுந்த கருவி, எனக்கு எத்தனை என்று பெருமைப்படும் கருவியாயிற்று.

எபிரெயர் நிருபத்தை எழுதியவர் இதற்கு மறுகோடியில் நிற்கிறார். எட்டாம் சங்கீதத்தை எடுத்தாளும்போது, எழுதியவர் பெயரையும் இடத்தையும் சொல்லாமல், எங்கோ ஒருவர் சாட்சி கூறியதாகவே குறிக்கிறார் (எபி. 2:6). அவர் தம் பெயரையும் எழுதவில்லை. இன்றைய பதிப்பாசிரியர் எவரும் இத்தகைய அடிக்குறிப்பை ஏற்கமாட்டார், ஏற்கவும் கூடாது. மாணவர் இதனைக் காட்டித் தம் ஆய்வேடுகளில் மூலத்தை மறைத்தலாகாது. மூலத்தைச் சொல்வது ஆய்வாளனின் கடமை. பிறர் தன்னைச் சொல்ல வேண்டும் என்பது அவன் உரிமையன்று. இவ்விரண்டையும் வேறுபடுத்தி அறிதலே ஆய்வு ஒழுக்கத்தின் தொடக்கம் என்று நாம் கருதுகிறோம்.

7. முடிவுரை

அமெரிக்க எப்பிஸ்கோப்பல் திருச்சபை தன் நாட்காட்டியில் அக்டோபர் 10-ஆம் நாளை வைடா ஸ்கடரின் நினைவுக்கென ஒதுக்கியுள்ளது. திருச்சபை ஆண்டின் சமூகப் போதனையைப் பற்றி நூல் எழுதியவரே அவ்வாண்டின் ஒரு நாளானார். இதனை மேற்கோள் என்று எந்த அட்டவணையும் கணக்கிடாது. ஆயினும் ஓர் ஆய்வாளரின் எழுத்தையும் வாழ்வையும் ஒருசேர எடுத்தாளும் மேற்கோள் இதைவிட வேறு யாது?

இவ்வரலாற்றிலிருந்து மூன்று கருத்துகளை நம் இளம் ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் முன்வைக்க விரும்புகிறோம்.

முதலாவது, படிவத்தை உண்மையாக நிரப்புங்கள். எண் சிறிதாயின் சிறிதென்றே எழுதுங்கள். அதனைப் பெருக்குவதற்காக ஒரு கட்டுரையை மூன்றாகப் பிளப்பதும், நண்பர்கள் ஒருவரை ஒருவர் மாற்றி மாற்றி மேற்கோள் காட்டுவதும் நம் அழைப்பிற்குத் தகாதவை.

இரண்டாவது, உங்கள் எழுத்தில் ஒரு வினா இருக்கட்டும். துறைகள் பலவாகலாம், இடையிடையே ஆய்வு தடைப்பட்டுச் சபைப்பணி வந்து புகலாம். வினா ஒன்றாயிருப்பின் அவை சிதறா.

மூன்றாவது, நன்றியறிதலை அடிக்குறிப்போடு நிறுத்தாதீர்கள். ஊர்ச்சபையின் முதியவர் சொன்ன செய்தி, உபதேசியார் ஒருவர் காத்துவைத்த குறிப்பேடு, சொல்லின் பொருளை விளக்கிய தமிழாசிரியர் ஆகியவற்றையும் ஆகியோரையும் பெயர்சொல்லிக் குறியுங்கள். வின்சுலோவின் தலைப்புப் பக்கத்தில் விடுபட்ட பெயர்களை இனி நம்மால் அங்குப் பொறிக்க இயலாது. நம் தலைப்புப் பக்கங்களில் அப்பிழை நேராமல் காக்க இயலும்.

அணைமீது நின்ற அன்று மாணவர் ஒருவர் நம்மைக் கேட்டார்: “ஐயா, ஒரே கட்டுரை எழுதி 27 வயதில் இறந்தவரை ஆய்வாளர் என்று சொல்லலாமா?” அப்போது விடை கூறாமல் நடந்தோம். இக்கட்டுரையே அதற்கு விடை. அறியாத மக்களிடம் செல்லுமுன் அவர்தம் சிந்தனையைக் கற்க முற்பட்டவர் ஆய்வாளரே. அவர் எழுதாமற்போனவை எத்தனை என்று எண்ண எக்கருவியும் இல்லை. எழுதிய ஒன்றைத் தேடி வாசித்து, அதில் சரியானதையும் தவறானதையும் பிரித்தறிந்து, இன்றைய பெரியகுளத்திலும் கம்பத்திலும் வாழும் மக்களோடு அவ்வுரையாடலைத் தொடர்வது நம்மால் ஆகும் பணி. அப்படிவத்தின் கட்டங்களில் நாம் எழுதிய எண்கள் இன்றும் சிறியவையே. அவற்றைக் குறித்து முன்பு அடைந்த வெட்கம் இப்போது இல்லை. இன்னும் நன்கு கற்றிருக்கலாமே என்னும் கவலை மட்டும் எஞ்சியுள்ளது. அக்கவலை நல்லதென்றே எண்ணுகிறோம்.